பிரமசக்தியின் கை

தளவாயைச் சீடர் என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பீடித் தொழிலாளர் சங்கத்திலேயே தலை நரைத்தவர் அவர். சாமியார் என்றாலே ஆகாது. ஆனாலும் வாரம் தவறாமல் ஊருக்கு மேற்கே குன்றடிக்குப் போய் நாறும்பூ சாமியோடு மல்லுக்கு நிற்பார். சண்டை போடுவதற்கென்றே ஒருவரைத் தேடிப் போகிறவரை வேறு என்னவென்று சொல்வது?

சாமி அவரைவிட இளையவர். ஒரு காலத்தில் தளவாயின் சங்க வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்தான்.

"சரித்திரத்தை நகத்துதது கைதான். உழைப்புதான் மனுசன். பக்தி, பாசம் எல்லாம் அதுலருந்து கிளம்புத புகை" என்று தளவாய் அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்வார். சாமியும் அன்றைக்குக் கேட்டதையே கேட்பார்.

"புகை போக மிச்சம் ஒண்ணுமே இல்லையா அண்ணாச்சி?"

சித்திரை மாதத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில், காலில் செருப்பில்லாமல் தளவாய் ஓடி வந்தார்.

"பிரமு செத்துட்டா சாமி."

பிரமசக்தி அவர் மனைவி.

"எப்பம்?"

"விடியக்காலம். ஆனா கை நிக்க மாட்டேங்கு."

சாமி எழுந்து அவரோடு நடந்தார்.

வீட்டுக்குள் பிரமசக்தியைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு வைத்து, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. கை கட்டைவிரல்களைத்தான் கட்ட முடியவில்லை. இடது கை, இல்லாத பீடி இலையைப் பிடித்திருந்தது. வலது கை, இல்லாத தூளை அதில் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றியது. அடுத்த இலையை எடுத்தது. விரலைக் கட்டப் போன துணிநாடாவையும் இறுக்கமாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது.

டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். உயிர் இல்லை என்றார். கைப்பக்கம் திரும்பாமலே வண்டி ஏறிவிட்டார்.

யாரும் அழவில்லை. வேலையாக இருக்கிறவளைப் பார்த்து எப்படி ஒப்பாரி வைப்பது? சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள்தான். தளவாய் அவர்கள் மடியைப் பார்த்தார். ஒருத்தியின் விரலும் சும்மா இல்லை.

பீடிக் கம்பெனி ஏஜெண்டு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய்யழுகை இல்லை.

"இந்தக் கை ஓடுதது வரைக்கும் அவ இருக்கா. அவசரப்பட்டுத் தூக்காதீங்க" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "வெறுங்கையா சுத்துதது பாவமா இருக்கு. மடியில கொஞ்சம் இலையும் தூளும் வச்சுப் பாப்பமா?"

"வெளிய போவே" என்று தளவாய் கத்தினார்.

சாமி கேட்டார்: "ஏன் கோவிக்கீங்க? நீங்க சொல்லுததைத்தானே அவரும் சொல்லுதாரு."

"அவனுக்குப் பீடிதான் முக்கியம் சாமி. எனக்கு உழைப்பு."

"ரெண்டு பேரும் கையைத்தானே பாக்கீங்க."



பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். வெயிலுக்கு உடம்பு தாங்காது. ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. வெளியே பாடை கட்டி முடித்துவிட்டார்கள். அப்போது சாமி செய்த காரியம்தான் யாரும் எதிர்பாராதது. நேரே போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிங்க சாமி. தூக்கணும்."

"உழைப்புதான் மனுசன்னா இவ இன்னும் சாகல அண்ணாச்சி. சாகாதவளை எரிக்க விடமாட்டேன்."

"அது பிரமு இல்ல. வெறும் கை."

"அப்பம் பிரமு யாரு?"

"காலையில எந்திச்சதும் பீடித் தட்டை மடியில வச்சான்னா..."

"அது கை. பிரமு யாரு?"

"என்னைய ஜெயில்ல போட்டப்ப ஒத்தையா இந்தக் குடும்பத்தத் தாங்குனா..."

"அதுவும் கைதான்."

தளவாய் மனைவியின் முகத்தைப் பார்த்தார். எத்தனை மேடைகளில் அவளை உதாரணம் காட்டியிருக்கிறார். அந்த உதாரணத்தைத் தவிர ஒன்றும் நாவுக்கு வரவில்லை. கூட வாழ்ந்தவளைத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிணத்தைவிட அது பயமாக இருந்தது. அறையில் விரல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு தளவாய் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"மழை பேஞ்சா தட்டைத் தள்ளி வச்சிருவா. தாவாரத்துக்குக் கீழ கையை நீட்டித் தண்ணியப் பிடிப்பா. பிடிச்சுக் கீழயே விட்டுருவா. எதுக்குட்டின்னு கேட்டா, சும்மாதான்னு சிரிப்பா. வேலை கெடுதுன்னு நான் ஏசியிருக்கேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீட்டுததை விட்டுட்டா."



நூல் சுற்றிக்கொண்டிருந்த விரல்கள் பாதியில் தளர்ந்தன. கை மெல்ல மல்லாந்தது. உள்ளங்கை விரிந்து, ஒன்றையும் பிடிக்காமல், அப்படியே கிடந்தது.

ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

"நின்னுட்டு சாமி" என்றார் தளவாய். "வேலை முடிஞ்சிட்டு."

சாமி வாசற்படியை விட்டு எழுந்து வழிவிட்டார்.

"உங்க பொண்டாட்டி இப்பத்தான் செத்திருக்கா அண்ணாச்சி. அழுங்க."