ஒரு கப் ஷியா வெண்ணெய்

மரகதவல்லிக்கு முப்பத்தாறு வயது. ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் சோப்பு செய்கிறாள். அவளிடம் சீடராகச் சேர்ந்த சூசைநாதனுக்கு அறுபத்து மூன்று. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவளுக்குக் கூச்சமாக இருக்கும், வேண்டாம் என்று பலமுறை சொல்லியும் பார்த்தாள். மனிதர் கேட்டால்தானே.

அவர் வந்தது பேத்தி ஜெசிந்தாவுக்காக. இரண்டு வயதுக் குழந்தை. முழங்கை மடிப்பில் தோல் வெடித்துக் கசியும். எந்தச் சோப்பு பட்டாலும் வீறிட்டு அழுவாள். ஷியா என்ற ஆப்பிரிக்கக் கொட்டையின் கொழுப்பில் மரகதவல்லி செய்யும் ஷியா வெண்ணெய் சோப்பு மட்டும் அவளுக்கு எரியவில்லை. அதைத் தன் கையாலேயே செய்து பேத்தியைக் குளிப்பாட்ட வேண்டும் என்று தாத்தாவுக்கு ஆசை.

போன மாதம் மரகதவல்லி வெளியூர் போயிருந்த நாளில், அவரே ஒரு பாளம் சோப்பு ஊற்றிக் காயவைத்தார். இன்று அதைத் துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும் முன் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அழகா வந்திருக்கு சார்."

மனதாரத்தான் சொன்னாள். பிறகு, தான் செய்யும் ஒவ்வொரு பாளத்துக்கும் செய்வதுபோல, ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தாள். பேட்டரியை நக்கியதுபோல் சுரீரென்றது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"இது குழந்தைக்கு வேண்டாம். காஸ்டிக் சோடா மிஞ்சி நிக்குது."

சூசைநாதனின் முகம் செத்துவிட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார். எந்தக் கொழுப்புக்கு எவ்வளவு காஸ்டிக் என்று வரிவரியாகப் போட்டிருந்தார். அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"கணக்குல ஒரு குறையும் இல்ல சார். எனக்கு இவ்வளவு சுத்தமாப் போட வராது. வெண்ணெய எதுல அளந்தீங்க?"

அன்று காஸ்டிக்கை நிறுத்து முடித்ததும் தராசு ரிப்பேராகிவிட்டதாம். அதனால் கப்பில் அளந்தாராம். இருநூற்று நாற்பது மில்லி பிடிக்கும் கப். ஷியா வெண்ணெயின் அடர்த்தி பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று. பெருக்கினால் இருநூற்றுப் பதினெட்டு கிராம். வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். சொல்லி முடித்ததும் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு கப் ஷியா வெண்ணெய் எத்தனை கிராம் டீச்சர்?"

அன்று எதிலிருந்து எடுத்தார் என்று கேட்டாள். அவர் காட்டிய பாத்திரத்தையே இறக்கினாள். முகப்பூச்சுக்காக நுரைக்க நுரைக்கக் கடைந்து வைத்த வெண்ணெய் அது. கப்பில் வழித்துப் போட்டு, மேலே தட்டி மட்டம் செய்தாள். தராசில் வைத்தாள். நூற்று முப்பத்தொரு கிராம் காட்டியது. கப்பின் எடையைக் கழித்துத்தான்.

அதை அப்படியே ஒரு வாணலியில் போட்டு, சிறுதீயில் உருக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் அதே கப்பில் திருப்பி ஊற்றினாள். பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது.

சூசைநாதன் குனிந்து பார்த்தார். மீதி இடத்தில் இருந்ததெல்லாம் காற்று. இருநூற்றுப் பதினெட்டு கிராமுக்கென்று போட்ட காஸ்டிக், சேர்ந்து சோப்பாக அவ்வளவு கொழுப்பு இல்லாமல் மிஞ்சி நின்றிருக்கிறது. முப்பது வருடம் அடர்த்தி என்றால் என்ன என்று பிள்ளைகளை எழுப்பி எழுப்பிக் கேட்டவர். அதைச் சத்தமில்லாமல் ஓர் அடுப்பும் கப்புமாக நடத்திவிட்ட இந்தப் பெண்ணை அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கைகூப்பத் தோன்றியது. ஆனால் குழந்தையின் முழங்கை மடிப்புதான் கண்ணுக்குள் நின்றது.

"கப்பு நிறையத்தான இருந்துச்சு, டீச்சர்."

மரகதவல்லி அடுப்பை அணைத்தாள்.

"கப்புக்கு அது போதும் சார். ஜெசிந்தாவுக்குப் போதாது."