ஆந்தைக்குச் சொன்ன வசவு

சத்தியம், சத்தியம், மறுபடியும் சத்தியம்! இதில் ஒரு எழுத்துப் பொய்யென்றாலும் என் மீசை உதிர்ந்து சோற்றில் விழட்டும்.

அந்தக் காலத்தில் பறவையும் மிருகமும் மனுசரோடு பேசின. சொல்லுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. வா என்றால் வா, போ என்றால் போ. ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொல்ல யாருக்கும் தெரியாது. ஆந்தைக்கும் அப்போது சின்னக் கண்தான். பட்டப்பகலில் ஊரைச் சுற்றும்.

எமனிடம் அதற்கு வேலை. கூரையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கும். ‘என் முத்தே’ என்று எந்தத் தாயாவது கொஞ்சினால், அந்த முத்து எமனுக்குப் போய்விடும். மட்டமான சரக்கை அவன் தொடமாட்டான்.

அங்கம்மாள் அப்படி இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மிஞ்சிய மகள் பூவாத்தாளை அவள் கொஞ்சியதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? கிணற்றடியில் நின்று, “அடியே அங்கம்மா, உன் மக தங்கச் சிலைடி!” என்றாள்.

சற்று நேரத்தில் ஆந்தை முற்றத்தில் வந்து இறங்கியது. “சிலை மாதிரி ஒரு பிள்ளை இருக்காமே. எங்கே தாயி?”

சிறகடிச் சத்தம் கேட்டதுமே அங்கம்மாள் பிள்ளையைக் குப்பைமேட்டில் உருட்டி, முகமெல்லாம் அடுப்புச் சாம்பலைப் பூசியிருந்தாள். இழுத்து வந்து நிறுத்தினாள்.

“இதையா கேட்கிறே? நான் பெத்ததில்லை, தவிட்டுக்கு வாங்கினது. மூஞ்சியைப் பாரு, கரிச்சட்டி! நாய்கூட மோந்து பார்க்காது. தூக்கிட்டுப் போ, சனியன் தொலையட்டும்!”

“சீ! இதைக் கொண்டுபோனா எசமான் என் றெக்கையைப் பிடுங்கிருவார்” என்று ஆந்தை பறந்துவிட்டது.

உலகத்தில் முதல்முதலாக ஒரு சொல் உள்ளொன்று வைத்து வெளியொன்று பேசியது. அங்கம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக மூச்சு வாங்கினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைக் காணோம்.

பிள்ளைக்கும் சொல் என்றால் சொல்தானே? அழுதுகொண்டே ஆந்தைக்குப் பின்னால் ஓடியிருக்கிறது.

“என்னையும் கூட்டிட்டுப் போ. எங்கம்மாதான் தூக்கிட்டுப் போகச் சொன்னாளே.”

ஆந்தை குனிந்து பார்த்தது. அழுத அழுகையில் சாம்பல் கரைந்து, தங்க முகம் வெளியே தெரிந்தது.

அங்கம்மாள் ஓடிவந்து சேர்ந்தபோது மகளின் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

“பாவி ஆந்தையே! நான் சொன்னது வேறே, நினைச்சது வேறேடா!”

அதைக் கேட்டு விரிந்த ஆந்தையின் கண் அப்புறம் சுருங்கவே இல்லை. இனி யார் சொல்லை எப்படி நம்புவது? மனுசர் பேசும் பகல் வேளையே வேண்டாமென்று பொந்துக்குள் போய்விட்டது. பின்னால் வந்த புலவர்கள் அங்கம்மாளின் பேச்சுக்கு வஞ்சப் புகழ்ச்சி என்று பேர் வைத்தார்கள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று முதல்தான் தாய்மார் ‘கருவாச்சி, குப்பாயி’ என்று பிள்ளையை வையும்போதே, இரண்டு கையாலும் அதன் கன்னத்தை வழித்துத் தங்கள் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிக்கிறார்கள். வாய் ஆந்தைக்கு, கை பிள்ளைக்கு.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். ஆந்தை கேட்டால், உதவாக்கரைக் கிழவன் ஒருத்தன் உளறினான், ஒரு வார்த்தைகூட நிசமில்லை என்று சொல்லிவிடுங்கள்.