மன்னரின் முட்டையில் கறுத்த கரண்டி

முன்னொரு காலத்தில் சோற்றைக் கண்டாலே நடுங்கும் மன்னன் ஒருவன் இருந்தான். போருக்கு அஞ்சமாட்டான், புலிக்கு அஞ்சமாட்டான். இலையில் விழும் பருப்புக்கு அஞ்சுவான். யாராவது விஷம் வைத்துவிடுவார்களாம்! அவன் நம்பி உண்டது அவித்த வாத்து முட்டையை மட்டும்தான். ஓட்டுக்குள் யார் விஷம் வைக்க முடியும்? அதையும் தன் கையாலேயே உரிப்பான்.

அரண்மனை வைத்தியர் சாரங்கதரர் இந்தப் பயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, "விஷம் பட்டால் இது கறுக்கும், மன்னா" என்றார். தம் குப்பியிலிருந்த விஷத்தைப் பாலில் ஊற்றினார், கரண்டி கறுத்தது. மோரில் ஊற்றினார்; கறுத்தது. சபை கைதட்டியது. கரண்டி கறுத்தால் அந்த உணவைத் தொட்டவருக்குக் கழுமரம் என்று ஆணையிட்டு, மன்னன் கரண்டியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டான். விஷமில்லாத உணவில் கரண்டி என்ன செய்யும் என்று கேட்க அந்த மடையர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கரண்டியை நம்பி மன்னன் மறுபடி சோறு கேட்க, சமையல்காரன் மருதப்பன் பூண்டுக் குழம்பு வைத்தான். கரண்டி கறுத்தது. கழுவில் உயிர் போகும்வரை "நான் வைக்கவில்லை" என்றே கத்தினான். அந்தக் குரல் கேட்காமலிருக்க அரண்மனைச் சன்னல்களைச் சாத்தினார்கள்.

அவன் இடத்துக்கு வந்த செங்கானும் பூண்டுக் குழம்பு வைத்தான். மறுபடியும் கறுத்தது. கை கட்டப்பட்டுச் சபையில் நின்றவனைக் கண்டு அரசவை விகடன் பிச்சாண்டி எழுந்தான்.

"மன்னா, அடியேன் கரண்டியைச் சோதிக்க வேண்டும்."

"நான் பலமுறை சோதித்தாயிற்று" என்றார் வைத்தியர். பிச்சாண்டியின் கேலிக்குப் பலநாள் ஆளானவர் அவர். "விகடனும் இதற்கு உடந்தையோ, என்னவோ!"

"சோதித்துப் பார்" என்றான் மன்னன். "கரண்டி பொய் என்று காட்டாவிட்டால் இவன் பக்கத்தில் உனக்கும் ஒரு கழு."

பிச்சாண்டி விடவில்லை. "வைத்தியர் கறுக்க வேண்டியதில் மட்டும் தோய்த்தார். அதுவும் எப்போதும் ஒரே குப்பி. அடியேன் கறுக்கக்கூடாததில் தோய்க்கிறேன்."

மன்னனிடமிருந்து கரண்டியை வாங்கி, முதலில் வெறும் தண்ணீரில் தோய்த்தான். கரண்டி கறுக்கவில்லை. வைத்தியர் சிரித்தார். பிச்சாண்டி நேரே அரியணைக்குப் பக்கத்தில் இருந்த மன்னனின் தட்டுக்குப் போய், மன்னன் உரித்துப் பாதி கடித்து வைத்திருந்த முட்டையின் மஞ்சள் கருவில் கரண்டியைச் செருகினான். சபை காத்திருந்தது. வெள்ளி மெல்ல மங்கி, பிறகு பூண்டுக் குழம்பில் போலவே கறுத்தது.

"இதைத் தொட்டவர் யார், மன்னா? ஆணை தங்களுடையது. கழுமரமும் தயார்."

மன்னன் முகம் வெளிறியது. பிச்சாண்டி கரண்டியைத் துலக்கி, எல்லார் கண்முன்னும் ஊமத்தங்காயை நசுக்கி மோரில் கலந்து அதில் தோய்த்தான். கரண்டி பளபளவென்றே இருந்தது.

"கரண்டி நல்ல மோர் என்கிறது. அருந்துங்கள், வைத்தியரே."

"ஐயோ, செத்துப்போவேன்!" வைத்தியர் பின்வாங்கினார். "கரண்டிக்கு என் குப்பி விஷம் மட்டும்தான் தெரியும்!"

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். செங்கானின் கட்டு அவிழ்ந்தது. வைத்தியர் நாடு கடத்தப்பட்டார். மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றான்.

"மாலை வேண்டாம், மன்னா. மருதப்பன் வீட்டுக்குப் போய் அவன் மனைவி முன்னால் இதேபோல் ஒருமுறை சிரித்துக் காட்டுங்கள்."

சிரிப்பு நின்றது. பெருமூச்சோடு மன்னன் எழுந்து நடந்தான்.

வீட்டு வாசலில் அவன் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னான். மருதப்பன் மனைவி அழவில்லை. வந்தவருக்குக் கொடுப்பதுபோல் ஒரு கிண்ணம் கஞ்சியை அவன் முன் வைத்தாள். மன்னன் கை தன்னையறியாமல் இடுப்பில் கரண்டியைத் தேடியது.

"விஷம் இல்லீங்க மகாராசா" என்றாள் அவள். "அவரும் வைக்கலை. நானும் வைக்கலை. குடிங்க."