கரடி கொண்டுவந்த பேரிக்காய்

குளிர் மிகுந்த ஒரு மலைக்காட்டில், யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போன ஆப்பிள் மரங்களும் பேரி மரங்களும் நிறைய இருந்தன. நட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. விலங்குகளுக்குக் கேட்க வேண்டுமா, கொண்டாட்டம்தான். ஆனால் பிள்ளைகளே, ஐப்பசியில் அங்கே விடாத மழை, மார்கழியில் உறைபனி. அதிலிருந்து தை முடியும்வரை சின்ன விலங்குகளுக்குக் கடிக்க ஒன்றும் கிடைக்காது. அதனால் ஆவணியிலேயே பழங்களைப் பறித்து ஒரு குகையில் சேர்த்துவிடுவார்கள். குகை வாயைப் பெரிய பாறையால் அடைப்பது கரடியின் வேலை. கார்த்திகைக் கடைசியில் திறப்பதும் அதன் வேலைதான்.

வாசலில் காவலுக்கு மரநாய் இருந்தது. உடம்பு பூனை அளவுதான், மூக்கு மட்டும் அப்படி ஒரு மூக்கு. ஒவ்வொரு பழத்தையும் அது மோந்து பார்த்துத்தான் உள்ளே விடும். காரணம் இருக்கிறது. பறவை கொத்திய பழத்திலும் கீழே விழுந்து அடிபட்ட பழத்திலும் அழுகல் நோய் எளிதில் புகுந்துகொள்ளும். முதலில் நகக்கண் அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். பிறகு பழம் முழுவதும் பூசணம் பூக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துப் பழத்துக்கும் பரவும். ஆகவே காயம்பட்ட பழத்தை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், குகைக்குள் விடக்கூடாது என்பது சட்டம்.

ஒருநாள் மலை அணில் தன் இரண்டு குட்டிகளோடு ஏழு ஆப்பிள்களை உருட்டிக்கொண்டு வந்தது. காலையில் கிளம்பியது, வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மரநாய் மோந்து பார்த்தது. ஒரு பழத்தில் குட்டியின் பல் லேசாகப் பட்டிருந்தது.

உருட்டிவந்த பழம், எல்லாமே அடிபட்டிருக்கும் என்று சொல்லி ஏழையும் ஒதுக்கிவிட்டது மரநாய். அணில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தது. "யாராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்" என்று மரநாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த மந்திகள், காவல் என்றால் இதுவல்லவா காவல் என்று மெச்சின. மரநாய்க்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் கரடி வந்தது. சிறுத்தைகூட ஒதுங்கி வழிவிடுகிற கரடி அது. மரத்தைப் பிடித்து உலுக்கி, விழுந்ததை அப்படியே வாரிக்கொண்டு வந்திருந்தது. மரநாய் மோந்தது. ஒரு பேரிக்காயின் அடியில் பழுப்புப் புள்ளி இருந்தது. வாடையும் வந்தது, சந்தேகமே இல்லை.

"எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கரடி கேட்டது.

மரநாய் கரடியின் நகங்களைப் பார்த்தது. "உங்கள் பழத்துக்கு என்ன அண்ணே" என்று சொல்லிவிட்டது.

வெட்கக்கேடு அதோடு முடியவில்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று, அந்தப் பேரிக்காயைத் தானே எடுத்துப்போய் நல்ல பழங்களுக்கு நடுவே புதைத்து வைத்தது. இத்தனை பழங்களில் ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டது. அன்றே கரடி பாறையைத் தள்ளிக் குகையை மூடியது.

புரட்டாசியில் மரநாய் அந்தப் பக்கம் போனபோது பாறை இடுக்கிலிருந்து புளித்த வாடை வந்தது. உடனே திறந்தால் பாதிப் பழமாவது தப்பும். ஆனால் திறக்கக் கரடியைத்தான் கூப்பிட வேண்டும். யார் விட்டது, யாருடைய பழம் என்றெல்லாம் பேச்சு வரும். மரநாய் கரடியைக் கூப்பிடாமலே நின்றது.

அந்த நேரம் பார்த்து மலை அணில் வந்தது. "அக்கா, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறதா? மேட்டு மரங்களில் இன்னும் கொஞ்சம் காய் இருக்கிறது. தேவையென்றால் இப்போதே பறித்து என் பொந்தில் வைத்துக்கொள்கிறேன். மழை தொடங்கினால் எல்லாம் உதிர்ந்துவிடும்" என்றது.

"எல்லாம் நன்றாக இருக்கிறது. நீ போய்க் குட்டிகளைப் பார்" என்றது மரநாய்.

அணில் நம்பிப் போய்விட்டது. நம்பாமல் என்ன செய்யும்? அந்த மூக்கைவிடப் பெரிய சாட்சி காட்டில் ஏது? அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகைக் கடைசியில் எல்லோரும் பசியோடு குகை வாசலில் கூடினார்கள். கரடி பாறையைத் தள்ளியது. சாம்பல் நிறத்தில் பூசணத் தூசிதான் முதலில் வெளியே வந்தது. உள்ளே ஒரு நல்ல பழம் இல்லை. ஆப்பிள்கள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன, பேரிக்காய்கள் கூழாகியிருந்தன. முயல்கள் வாய்விட்டு அழுதன.

கரடி பெருமூச்சு விட்டுவிட்டு அடிவாரத்துக்கு இறங்கிப் போனது. அதற்குப் பலமான கால் இருந்தது, அடர்ந்த ரோமம் இருந்தது. சின்ன விலங்குகளால் அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. மார்கழியில் முயல்கள் செத்தன. கிழ மந்திகள் செத்தன. அணிலின் சின்னக் குட்டி போய், நான்கு நாள் கழித்து மூத்ததும் போயிற்று. மரநாய் மட்டும் எலியும் பூச்சியும் தின்று உயிரோடு இருந்தது.

எலும்பும் தோலுமாக அணில் அதைத் தேடி வந்தது. "அன்றைக்கு நான் கேட்டபோதே உனக்குத் தெரியுமா அக்கா?" என்று கேட்டது.

மரநாய் தலையைக் குனிந்துகொண்டது. அணில் திட்டவில்லை, திட்டத் தெம்பும் இல்லை. அதன் பிறகு அணிலை யாரும் பார்க்கவில்லை.

பங்குனியில் கரடி திரும்பி வந்தது. மரங்களெல்லாம் பூத்திருந்தன, காட்டில் சத்தமே இல்லை. எங்கே யாரையும் காணோம் என்று மரநாயிடம் கேட்டது. மரநாய் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே, அந்தப் பேரிக்காயைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னது.

கரடி குகை வாசலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "நான் கேட்டேனே. அப்போதே சொல்லியிருந்தால் தூக்கி எறிந்திருப்பேனே" என்றது.

நீதி: எளியவரிடம் காட்டும் கண்டிப்பை வலியவரிடம் காட்டாத காவல், காவலே அல்ல.