வல்லாரை தின்ற கொம்பையா

கொம்பையா மூன்றாம் தடவையும் தோற்றான்.

மூலிகைப் பெயர் நூறு. வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நோயாளியின் நாடி பிடிக்கலாம். பதினொன்றில் நின்றுவிட்டான்.

வயது நாற்பத்திரண்டு. தையல் மிஷினை விற்றுவிட்டு வைத்தியம் படிக்க வந்தவன்.

"இன்னும் ஒரே தடவை," என்றார் வைத்தியர். "பௌர்ணமிக்கு. தப்பினா ஊருக்குப் போய் பட்டன் தையி."

"ஞாபகசக்திக்கு ஏதாவது குடுங்கய்யா."

"இதுவரை என்ன தின்ன?"

"வல்லாரை லேகியம். நீர்ப்பிரமி நெய். டவுன்ல விக்கிற மாத்திரை."

"எத்தனை நாளா?"

"அது... ஞாபகம் இல்லீங்க."

வைத்தியர் சுக்கு இடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"சமையல்காரி சீனித்தாய்கிட்ட ஏன் பேசுறதில்ல?"

கொம்பையா நிமிர்ந்தான்.

"போன மாசி மாசம், ரெண்டாம் செவ்வாய். பூசணிக்காய் சாம்பார். மறுசோறு கேட்டேன். 'வயிறா, தண்ணித் தொட்டியால'ன்னா. ஏழு பேர் சிரிச்சாங்க. மூணாவதா சிரிச்சவன் பல்லு விளக்கல."

"அதுக்கு என்ன லேகியம் தின்ன?"



வைத்தியர் மூலிகைப் பட்டியலோடு சமையல்கட்டுக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார்.

அன்று மதியம் கொம்பையா தட்டின் முன் உட்கார்ந்தான். சீனித்தாய் அகப்பையோடு வந்தாள்.

"வந்துட்டாம் பாரு, ஆடுதீண்டாப்பாளை! ஆடு தீண்டாது, சோறு மட்டும் இவனத் தீண்டணுமாம்!"

"யாரச் சொல்லுத?"

"ஒன்னத்தாம்ல, குப்பைமேனி! முழிக்கதப் பாரு, பேய்மிரட்டி! ஒரு சொல் பொறுக்கல, தொட்டாற்சுருங்கி!"

குழம்புக்கு ஒரு நாயுருவி. மோருக்கு ஒரு கழுதைத்தும்பை. தினமும் இப்படி. இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தான்.

பௌர்ணமி வந்தது. கொம்பையா வெற்றிலைத் தட்டோடு வந்தான். கண் சிவந்திருந்தது. கேட்குமுன்பே ஆரம்பித்தான். நூறும் சொன்னான். ஒன்று தவறவில்லை. எந்தப் பெயர் எந்தக் கிழமை, அன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் சேர்த்தே சொன்னான்.

"நாடி பிடிக்கலாம்," என்றார் வைத்தியர்.

"அது கெடக்கட்டும்யா. எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டில்ல, நூறு ஏச்சு ஏசியிருக்கா!"

"எத்தனை?"

"நூறு..."

திறந்த வாய் மூடவில்லை.

குருவுக்குக் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டை நீட்டினான். வைத்தியர் வாங்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் தலையை ஆட்டினார்.

தட்டோடு போனான். உள்ளே ஈர விறகை ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள் சீனித்தாய்.