மடுவன் வாங்கிய விருது

கருங்காட்டு ஆற்றில் இரண்டு நீர்நாய்கள் வாழ்ந்தன. ஒருவன் மடுவன். மற்றொருத்தி அலரி. குட்டிப் பருவத்திலிருந்தே இருவரும் இணைபிரியாத நண்பர்கள். பிடித்த மீனைப் பாதிப்பாதி தின்பார்கள். மடுவன் போட்டியில் ஜெயித்தால் முதல் சீழ்க்கை அலரியுடையதுதான்.

அந்தக் காட்டில் ஆண்டுதோறும் சிங்கராஜா விளையாட்டு வீரர்களுக்கு விருது கொடுப்பார். ஓட்டம், மல்யுத்தம், எதிர்நீச்சல் போன்ற பழைய விளையாட்டுகளுக்கும் உண்டு. குரங்குகள் ஊருக்குள் போய்க் கற்று வந்த பந்தாட்டத்துக்கும் உண்டு. ஆனால் ஒரு விளையாட்டுக்கு ஒரே விருதுதான். அதை வாங்குபவருக்காகக் காடே எழுந்து நிற்கும்.

அந்த ஆண்டு ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. எதிர்நீச்சலில் அலரி முதலில் வந்தாள். மடுவன் ஒரு முழம் பிந்திவிட்டான்.

"மூச்சு வாங்குதாடா? விடு, அடுத்த வருஷம் நீதான்!" என்று அவள் அவன் முதுகில் தட்டினாள்.

அவன் சிரித்தான். ஆனால் வயிறு எரிந்தது.

தேர்வுக் குழுத் தலைவர் கரடியார் கரையோரமாக வந்தார். "எப்பேர்ப்பட்ட வேகம்! உன் தோழி என்னதான் சாப்பிடுகிறாள்?" என்று வியந்து கேட்டார்.

மடுவனின் வாய் முந்திக்கொண்டது. "எனக்கென்ன தெரியும் ஐயா! காலையில் அவள் வாயில் வெறிக்கிழங்கு வாடை அடித்தது!"

வெறிக்கிழங்கைத் தின்றால் உடம்பில் இல்லாத பலம் வரும். அதைத் தின்றுவிட்டுப் போட்டியில் இறங்குவது அந்தக் காட்டில் பெரிய குற்றம். கரடியாரின் முகம் இறுகிவிட்டது.

அலரியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"அந்தக் கிழங்கை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! மடுவனையே கேளுங்கள்!" என்று அவள் கதறினாள்.

எல்லோரும் மடுவனைப் பார்த்தார்கள். மடுவன் தரையைப் பார்த்தான்.

அது போதுமானதாக இருந்தது. இனி அலரி ஆற்றில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பானது. அவளைக் கண்டதும் சொந்தக் கூட்டமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் காட்டின் கீழ்க்கோடியில் இருந்த சேற்றுக் குட்டைக்குப் போய்விட்டாள். முதலைகள் உலவும் இடம் அது.

விருது நாள் வந்தது. சிங்கராஜா மடுவனின் கழுத்தில் பொன்னிறச் சிப்பி மாலையைப் போட்டார். காடே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. யானைகள் பிளிறின. மயில்கள் ஆடின. மடுவனின் காதோ ஒரே ஒரு சீழ்க்கையைத் தேடியது. அது கேட்கவில்லை.

மறுநாள் அவன் ராஜாவின் குகைக்கு ஓடினான்.

"மகாராஜா! நான் சொன்னது பொய்! அலரி எதையும் தின்னவில்லை. இந்த மாலை அவளுக்குரியது!"

சிங்கராஜா நெகிழ்ந்துபோய், பக்கத்தில் இருந்த கரடியாரையும் மற்றவர்களையும் பார்த்தார். "பார்த்தீர்களா? துரோகம் செய்த தோழிக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்! இவனல்லவா வீரன்!"

"இல்லை மகாராஜா, சத்தியமாக..."

கரடியார் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "வாயை மூடு! விருது தப்பென்றால் தேர்வுக் குழு தப்பு. தேர்வுக் குழு தப்பென்றால் ராஜாவே தப்பு. அதைச் சொல்ல உனக்குத் தைரியமா?"

அன்று மாலைக்குள் மடுவனின் பெருந்தன்மையைக் காடெல்லாம் புகழ்ந்தது.

மடுவன் சேற்றுக் குட்டைக்குப் போனான். அலரி எலும்பும் தோலுமாக இருந்தாள். நண்டு கடித்து அவள் உதடு கிழிந்திருந்தது.

"அலரி, என்னோடு வந்துவிடு! நான் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன்!"

"நம்பினார்களா?"

"இல்லை."

"நானும் உண்மையைத்தான் சொன்னேன். என்னையும் நம்பவில்லை," என்றாள் அலரி.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "என்னைக் கடி! திட்டு! ஏதாவது செய்!" என்று அழுதான்.

"களைப்பாக இருக்கிறதடா. நீ போ," என்று சொல்லிவிட்டு அவள் கோரைப் புல்லுக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு மடுவன் தினமும் மீன் கொண்டுபோய்க் குட்டைக் கரையில் வைத்தான். அவள் அதைத் தொடவே இல்லை. காக்கைகள்தான் தின்றன.

ஒரு நாள் காலை கோரைப் புல் மடங்கிக் கிடந்தது. சேற்றில் முதலையின் அகன்ற தடம் தெரிந்தது. பக்கத்தில் சின்னக் கால் தடங்கள் கொஞ்ச தூரம் வந்து, பாதியில் நின்றுபோயிருந்தன.

மடுவன் மீனைக் கீழே போட்டான். உரக்கச் சீழ்க்கை அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான். குட்டையிலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை.

அடுத்தவரின் புகழைப் பொய் சொல்லிப் பறித்துவிடலாம். ஆனால் மனம் திருந்திய பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்காது.