டாக் பெட்டியும் ஜெசிந்தா டீச்சரும்

குழந்தைவேலுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய ஆசிரியை ஜெசிந்தாவுக்கு நாற்பத்தைந்து. ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, திருச்சி பாலக்கரையில் இருந்த ஜெசிந்தாவின் ஸ்டுடியோவில் போய் நின்று, ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் குழந்தைவேல். இந்த வயதில் எதற்கு என்று ஜெசிந்தா கேட்கவில்லை. ஹெட்போனை எடுத்துக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து குழந்தைவேலுக்கு அவர் டீச்சர்.

போன வருடம் டீச்சருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தார். செவி இரண்டும் போய்விட்டன. பிறகு அறுவை சிகிச்சை செய்து வலது காதின் உள்ளே ஒரு கருவியை வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டிய சின்னப் பெட்டி வெளியிலிருந்து வரும் சத்தத்தை வாங்கும். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டு அதை உள்ளே அனுப்பும். ஸ்டுடியோவை மூடியாயிற்று.

குழந்தைவேல் இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உடம்பைப் பற்றி விசாரிப்பார். சத்தத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

ஆனால் அவருக்கும் ஒரு கஷ்டம் வந்தது. சொல்ல வேறு ஆள் இல்லை. ஒரு நாள் காலை லேப்டாப்பையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"பையில என்னண்ணே?" என்றார் ஜெசிந்தா.

"டாக், டீச்சர். புதுசு."

கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை, ஸ்பீக்கர் பாடக்கூடிய மின்சாரமாக மாற்றித் தருகிற பெட்டி அது. அவர் வாங்கியதில் இது நான்காவது.

"நல்லா இருக்கா?"

"இல்ல." குழந்தைவேல் தரையைப் பார்த்தார். "பெட்டியை மாத்துனா சத்தம் மாறுது. கேபிளை மாத்துனா மாறுற மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்ல பாட்டு போடுற சாஃப்ட்வேரை மாத்தினேன், அதுலயும் ஏதோ மாறுது. எது சரின்னே தெரியல. பாட்டு போட்டா பாட்டு கேக்கல டீச்சர், குறைதான் கேக்குது. ஒரு பாட்டை முழுசா கேட்டு எவ்வளவோ நாளாச்சு. எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன்."

அவர் வேகமாகப் பேசிவிட்டார். ஜெசிந்தா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில சொன்னதை மறுபடி சொல்லுங்க."

"எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன்."

"சரி. முதல்ல மாட்டுங்க."

ஜெசிந்தாவின் கணவர் தேவசகாயம் பழைய ஸ்பீக்கர்களின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். பெட்டியை இணைத்தார்கள்.

"பாட்டு வேணாம்" என்றார் ஜெசிந்தா. "சும்மா விடுங்க. ஸ்பீக்கர்கிட்ட காதை வச்சு என்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

"ஈ பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல்."

"லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்க."

பிடுங்கினார்.

"இப்ப?"

"இல்ல. போயிடுச்சு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்கதான் சொல்லணும். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"சுத்தமாப் போயிடுச்சு டீச்சர்."

"கரண்ட்ல வர்ற அழுக்கு அது. கம்ப்யூட்டர் வழியா பெட்டிக்குள்ள ஏறுது. இப்ப செட்டிங்ஸ்ல போங்க. பாட்டு, நொடிக்கு இத்தனை எண்ணுன்னு ஒரு கணக்குல பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டர் அதை வேற கணக்குக்கு மாத்தி அனுப்பும். மாத்தாதே, இருக்கிறபடியே அனுப்புன்னு வச்சிடுங்க."

வைத்தார். காது சரியாகக் கேட்காத ஒருவர் என் காதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏதாச்சும் போடுங்க" என்றார் ஜெசிந்தா. "நாம பதிவு பண்ணோமே, அந்தப் புல்லாங்குழல்."

எந்தப் பெட்டி வாங்கினாலும் குழந்தைவேல் சோதித்துப் பார்ப்பது அதை வைத்துத்தான். குழலோசை கூர்மையாக வருகிறதா, மூச்சு தனியாகக் கேட்கிறதா என்று பார்ப்பார். பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த பெட்டிக்கு மாற்றுவார். இன்று போட்டதும் குழல் தெளிவாக எழுந்தது. நிம்மதியாக இருந்தது. ஆனாலும் காது அதன் போக்கில் எதையோ தேட ஆரம்பித்தது.

"பரவால்ல. ஆனா ஒரு மெல்லிசான திரை இன்னும்..."

ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்தினார். கண்களை மூடியிருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"மழை பெய்யுது" என்றார்.

குழந்தைவேல் ஜன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில்.

"அங்கே இல்லண்ணே. பாட்டுல."

குழந்தைவேல் திரும்ப முதலிலிருந்து போட்டார். குழலுக்குப் பின்னால், ஸ்டுடியோவின் தகரக் கூரைமேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அன்று மழை நிற்கட்டும் என்று காத்திருந்து, நிற்காமல், அப்படியே பதிவு செய்தார்கள். டீச்சர் அன்று மழையைத் திட்டியதுகூட அவருக்கு ஞாபகம் வந்தது. இத்தனை பெட்டிகளில் போட்டும் அவர் அதைக் கேட்டதில்லை.

"குழல் எப்படிக் கேக்குது டீச்சர்?"

"குழல்னு தெரியல. யாரோ தூரத்துல தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கு. இந்தக் கருவிக்கு அவ்வளவுதான் வரும். டப் டப்னு விழுறது நல்லாத் தெரியும். ராகம் தெரியாது."

"உங்களுக்கா?" என்றார் குழந்தைவேல். சுருதி ஒரு மயிரிழை பிசகினாலும் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வருகிற மனுஷி.

"முதல் நாள் இதை மாட்டினப்ப இவர் 'ஜெசி'ன்னு கூப்பிட்டார். தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன். அப்புறம் தினமும் காலையில பேப்பர் வாசிச்சுக் காட்டுவார். கல்லு கொஞ்சம் கொஞ்சமா சொல்லாச்சு. இப்ப இவர் குரல்னு தெரியுது."

தேவசகாயம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தைவேலால் பொறுக்க முடியவில்லை.

"குழலும் இல்ல, ராகமும் இல்ல. இதுல எதை டீச்சர் இவ்வளவு சந்தோஷமா கேக்கறீங்க?"

ஜெசிந்தா கண்ணைத் திறந்தார்.

"எப்படி வருதுன்னு நீங்க கேக்கறீங்கண்ணே. வருதேன்னு நான் கேக்கறேன்."

குழந்தைவேல் பெட்டியைத் தொடவில்லை. பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.